பெயர் கேட்கக் கூடாத அறை

நான் ஏறிய ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி ஹனோவருக்கு, பின்பாதி வேறு எங்கோ. ஒலிபெருக்கியில் ஒரு பெண் அதை ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது ரயில் சத்தத்தோடு சேர்ந்த இன்னொரு சத்தமாக மட்டும் இருந்தது. பின்பாதியில் உட்கார்ந்து பனிமூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நாயோடு உட்கார்ந்திருந்த முதியவர், எங்கே போகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "ஹனோவர் அப்போதே போய்விட்டதே" என்றார். ஊரே எழுந்து நடந்து போய்விட்டது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். பிற்பகல்தான், ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டீக்கடை இல்லை, போர்ட்டர் இல்லை, தூங்குகிற ஆள்கூட இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் எந்த நேரத்தில் இறங்கினாலும் யாராவது ஒருவர் எதையாவது விற்றுக்கொண்டிருப்பார். இங்கே என்னையும் பனியையும் தவிர ஒன்றுமில்லை. அப்போது ஒலிபெருக்கியில் அதே பெண் பேசத் தொடங்கினாள். ஆளே இல்லாத நடைமேடையில் அவ்வளவு மரியாதையாக யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாமல் நின்றேன். ரயில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீர் பற்றிப் பாடம் நடத்துகிறவள். ஹனோவரில் நீரையும் மண்ணையும் ஆராயும் ஒரு முனைவர் பட்டப் பள்ளி இருக்கிறது. அங்கே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒரு வாரம் உட்காரும்படி என்னை அழைத்திருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

வேறு ரயில் பிடித்து ஒருவழியாக ஹனோவர் வந்து சேர்ந்தபோது நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவள் தர்சினி. பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள், கொலோனில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வயதிருக்கும்.

"ரெண்டாப் பிரியிற ரயில் எண்டு சொல்ல மறந்திட்டன் அக்கா. பயந்திட்டியளோ?"

"பயமெல்லாம் இல்ல. ஊரே காலியா இருந்துச்சு."

"இஞ்சை நவம்பரிலை எல்லா ஊரும் அப்பிடித்தான்" என்று சொல்லி என் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஒதுக்கியிருந்த அறை ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. இப்போது அது விருந்தினர் விடுதி. நடைகூடத்தில் விளக்குகள் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தாமாக எரிந்து தாமாக அணையும். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றபோது கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஞாயிறு. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. தர்சினி வீட்டுக்கு நடந்தே போனேன். ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எந்தப் பக்கமும் வண்டி இல்லை. ஒரு தாயும் சின்ன மகளும் கைகோத்து நின்றார்கள். நானும் நின்றேன். மகள் ஏதோ கேட்டாள், தாய் குனிந்து பதில் சொன்னாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு மாறியதும் தாய் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "யாருமே இல்லாதபோது ஏன் நிற்கிறோம் என்று கேட்கிறாள். யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதே என்றேன்."

தர்சினி வீட்டில் புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சொதி. சொதியில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேர்ந்த வாசனை, விமானம் ஏறியதிலிருந்து சுருங்கிக் கிடந்த வயிற்றை எழுப்பிவிட்டது. எங்கள் பக்கத்துச் சொதியில் காய்கறி நிறைய இருக்கும். இவள் வைத்தது தண்ணீராக இருந்தது. புட்டுக்கு அதுதான் சரி என்று இரண்டாவது தடவை வாங்கும்போது ஒப்புக்கொண்டேன்.

சாப்பிடும்போதுதான் வேலையை விளக்கினாள். "முந்தி ஒரு மார்க் கோடு போட்டிருந்தவை. மேலை உள்ளவை உள்ளை, கீழை உள்ளவை வெளியிலை. சுகமான வேலை. ஆனால் வருஷா வருஷம் ஒரே மாதிரி ஆக்கள்தான் வந்தவை. ஒரே மாதிரிப் பள்ளிக்கூடம், ஒரே மாதிரி வீடு. குழுப் படங்களைப் பாத்தால் எல்லாரும் சொந்தக்காரர் மாதிரி இருப்பினம்."

"இப்ப?"

"இப்ப ஆளை முழுசாப் பாக்கோணும் எண்டு குழுத் தலைவி ஹெல்கா சொல்லுறா. மார்க்கும் பாக்கிறது, அது எந்த நிலைமையிலை எடுத்த மார்க் எண்டும் பாக்கிறது. ஆனால் பேர் தெரியக் கூடாது, முகம் தெரியக் கூடாது. முகத்தைப் பாத்தால் மனம் ஒரு பக்கம் சாயும்தானே. அதாலை குரல் மட்டும்." புட்டை என் தட்டில் தள்ளினாள். "இந்த வருஷம் பிழையாப் போனால் திரும்ப மார்க்குக்கே போயிடுவினம். அதுதான் எனக்குப் பயம்."

திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் நுழைந்தேன். நீளமான மேசை, நடுவில் வட்டமான கறுப்புப் பெட்டி ஒன்று. அதிலிருந்துதான் குரல் வரும். தலைவர் பேராசிரியர் ஹெல்கா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவருக்கு எதிரே டாக்டர் வெர்னர், இந்த முறையில் நம்பிக்கை இல்லாதவர் என்று தர்சினி முன்பே சொல்லியிருந்தாள். தர்சினி ஓரமாக உட்கார்ந்து இணைப்பைக் கவனித்துக்கொண்டாள்.

விதிகளை ஹெல்கா வாசித்தார். பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. நாங்களும் எங்களை யார் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு பறவைப் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பில் சேர வேண்டும்.

முகம் இல்லாத குரல்களைக் கேட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்காருவது எப்படியிருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி, மரங்கள்கூடத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஒருவர் தன் தந்தை சிறையில் இருந்ததைச் சொன்னார். இன்னொருவர் பெண் என்பதால் ஆய்வகச் சாவி கொடுக்கப்படாததைச் சொன்னார். பேசி முடித்ததும் ஒரு சின்ன ஓசை, பிறகு ஒன்றுமில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்போம், உள்ளே யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்பது போல.

மதியத்துக்கு முன் நாரை வந்தாள். குரலைக் கேட்டதும் நம் பக்கத்துப் பெண் என்று தெரிந்தது. தெளிவான ஆங்கிலம். மீனவர் வீட்டில் பிறந்தவள், கிணறு உப்பாகிப்போனதால் அவள் தெருவே குடிபெயர்ந்த கதையைச் சொன்னாள். எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். கடலோரக் கிணற்றில் ஏறும் உப்பு கடலிலிருந்து வந்ததா, மண்ணில் முன்பே கிடந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் முதலில் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்களிடம் போவேன். எந்த மாதத்தில் ருசி மாறுகிறது என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன்" என்றாள். வெர்னர் தலையை நிமிர்த்தினார். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம்.

உணவகத்தில் அன்று கடுகுபோட்டு வேகவைத்த பச்சை இலைக்கீரையும் பன்றிக்கொத்திறைச்சியும். இந்த ஊரின் குளிர்காலச் சாப்பாடாம். நான் இறைச்சியை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கைத் தின்றேன். எதிரே வந்து உட்கார்ந்த வெர்னர், நான் கேட்காமலேயே சொன்னார்: "என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லியிருப்பார்கள். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். எங்கள் தெருவில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். மதிப்பெண்ணுக்கு என் அப்பா யார் என்று தெரியாது. அதனால்தான் உள்ளே வந்தேன். கதை சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தைகூட வந்திருக்காது."

 அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை மீன்கொத்தி வந்தாள். நெசவுக் குடும்பம், சாயக்கழிவு கலந்த ஆறு. குரல் நாரையுடையதைவிடத் தாழ்வு, வேகம் குறைவு. நன்றாகப் பேசினாள். நான் கேள்வியைக் கேட்டேன். "முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களிடம் கேட்பேன்" என்று தொடங்கினாள். பின்னால் விசிறி. சொடுக்கு. சொடுக்கு.

குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நம் ஊரில் சொடுக்காத விசிறி எங்கே இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்தபோது தர்சினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தர்சினியோடு டிராமில் திரும்பினேன். பெட்டி நிறைய ஆட்கள், பேச்சே கிடையாது. எல்லோரும் கறுப்பு, சாம்பல் மேலங்கிகளில் ஈரமாக நின்றார்கள். இறங்கி நடக்கும்போதுதான் கேட்டாள்.

"அக்கா, அது ஒரே ஆள் எண்டு உங்களுக்கும் விளங்கினதோ?"

"விசிறியா?"

"விசிறி இல்லை. நான் சின்னனிலை அம்மாவுக்காக ஆம்ட்டுக்கெல்லாம், அரசாங்க அலுவலகங்களுக்கு, டெலிபோன் எடுக்கிறனான். அம்மாவுக்கு டொய்ச், ஜெர்மன் பாஷை, வராது. பிள்ளை கதைக்கிறது எண்டு தெரிஞ்சால் வைச்சிடுவினம். அதாலை அம்மாவின்ரை பேரைச் சொல்லி, குரலைப் பெருசாக்கி, அம்மாவாவே கதைப்பன். 'எனக்கு மூண்டு பிள்ளையள், எனக்கு முதுகு நோகுது' எண்டு. எட்டு வயசு எனக்கு." அவள் மூச்சு வெள்ளையாக வந்து கலைந்தது. "தன்ரை கதையைச் சொல்லுற ஆக்கள் நோகிற இடத்திலை தடக்குப்படுவினம், பேச்சு இடறும். நான் ஒருநாளும் தடக்குப்படேல்லை. நொந்தது எனக்கில்லைத்தானே. இவவும் தடக்குப்படேல்லை."

"ஹெல்காகிட்ட சொல்லணுமே."

"சொல்லத்தான் வேணும். ஆனால் ஒரு நாள் பொறுப்பம் அக்கா. நாளைக்கு உங்கடை பக்கத்து இன்னொரு ஆள் இருக்கிறா."

விடுதி நடைகூடத்தில் அன்றும் அந்தக் கோடி விளக்கு எரிந்து அணைந்தது. போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஒன்று சரியாக மூடாமல் திரை அசைந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்த பிறகும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஆந்தை.

"காலை வணக்கம். ஆந்தை பேசுகிறேன்." குரல் மெல்லியதாக, இளமையாக இருந்தது. முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பனைத் தொழிலாளியின் மகள், விறகு சுமந்தது, விடுதியில் பசி. எல்லாம் தடையில்லாமல் வந்தது. ஹெல்காவின் கண்கள் கலங்கியிருந்தன. தர்சினி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமான கேள்வியை நான் கேட்கவில்லை. "உங்கள் முடிவு தவறு என்று ஒரு கிணறு உங்களிடம் சொல்ல வேண்டுமானால், அது எப்படிப்பட்ட கிணறாக இருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

முதல் தடவையாக அவள் நின்றாள். பெட்டியிலிருந்து விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மிக மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "இத யாரும் கேட்டதில்லையே" என்றாள். தமிழில்.

விதி எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் கேட்டேன், நானும் தமிழில்: "உங்க பேரு என்னம்மா?"

ஹெல்கா என் பக்கம் சட்டெனத் திரும்பினார். ஆந்தை அழைப்பைத் துண்டித்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"எந்தப் பேரு மேடம்?"

கேலி இல்லை, பயமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. 

"உங்க சொந்தப் பேரு."

"திங்கக்கெழம நாரை. நேத்து மீன்கொத்தி. இன்னைக்கு ஆந்தை. எல்லாம் நீங்க வெச்ச பேருதானே மேடம். மூணு பேரோட கதையும் நெசம். பொய் ஒண்ணுமில்ல. குரல் மட்டுந்தான் என்னோடது."

"அவங்களே ஏன் பேசலை?"

"இங்கிலீஷ்ல கேட்டா அவங்களுக்கு வாய் கட்டிக்குது. தமிழ்ல கேட்டிருந்தீங்கன்னா என்னத் தேடி வந்திருக்க மாட்டாங்க."

"நீங்க ஏன் உங்க பேர்ல போடல?"

"போட்டேனே. அப்ப நீங்க மார்க்குதான் கேட்டீங்க." மறுபடி விசிறி. "மேடம், நீங்க திருநெல்வேலிப் பக்கமா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தச் சின்ன ஓசை கேட்டது. அவள் போய்விட்டாள். இத்தனை நாளும் நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி எங்களைக் கேட்டு அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.  ஹெல்கா எழுந்து ஜன்னலருகே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஆளை முழுசாகப் பார்க்கிறோம் என்றோம். மூன்று நாற்காலியிலும் ஆளே இல்லை" என்றார் வெர்னர். ஜெயித்தவர் குரல் இல்லை அது. களைத்துப்போன குரல்.

தர்சினி குழுவில் உறுப்பினர் இல்லை, அங்கே பேசும் உரிமை அவளுக்கு இல்லை. ஆனால் எழுந்தாள். ஜெர்மன் மொழியில் பேசினாள். அவளே பிறகு எனக்குச் சொன்னது: "ஏமாத்தினது பிழைதான் எண்டனான். ஆனால் முகத்தை மறைச்சனாங்கள், பேரை மறைச்சனாங்கள், இங்கிலீஷை மட்டும் மறைக்கேல்லை. அதையும் ஒரு மார்க் மாதிரித்தான் வைச்சிருந்தனாங்கள் எண்டனான்."

மூன்று விண்ணப்பங்களும் அந்த இடத்திலேயே ரத்தாயின. அதில் எனக்கும் மறுப்பு இல்லை. வேறு யாரோ நேர்மையாகத் தடுமாறிப் பேசியிருக்கிறார்கள். அவர்களுடைய இடம் அது. இந்த முறையே இனி வேண்டாம் என்ற பேச்சு வரும் என்று நாங்கள் காத்திருந்தபோது வெர்னர் வேறொன்று சொன்னார்.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை."

"அதனால்?" என்றார் ஹெல்கா.

"எனக்கு அந்தப் பதில் வேண்டும். நாளை அதே நேரத்துக்கு இணைப்பைத் திறந்து வைப்போம். அவளுடைய பெயரில் வரச் சொல்லுங்கள். வராவிட்டால் விட்டுவிடலாம்."

மூன்று விண்ணப்பதாரர்கள் வழியாகவும் தர்சினி செய்தி அனுப்பினாள். வியாழக்கிழமை அந்த அறையில் வேறு வேலை எதுவும் வைக்கவில்லை. குறித்த நேரம் கடந்தது. பெட்டியின் மேல் ஒரு சின்னப் பச்சை விளக்கு, இணைப்பு திறந்திருக்கிறது என்பதற்கு. வெளியே பனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெர்னர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாலு பேர் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஆவி வருகிறதா என்று பார்க்கும் கூட்டம் போல இருந்தோம். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.

ஓசை கேட்டது. யாரோ இணைந்துவிட்டார்கள். பேச்சில்லை. விசிறியும் இல்லை, நிறுத்தியிருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஹெல்கா பேச வாயெடுத்தபோது வெர்னர் கையை உயர்த்தித் தடுத்தார். பெட்டியை நோக்கிக் குனிந்து ஆங்கிலத்தில், "அவசரமில்லை. நாங்கள் இருக்கிறோம்" என்றார்.

"அங்கயற்கண்ணி" என்றது குரல்.

அந்த வாரத்தில் அந்த அறையில் சொல்லப்பட்ட முதல் பெயர் அது. வெர்னர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னாள். எழுதி, வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை ஏறக்குறைய வந்தது. "ஆமாம், அதுதான்" என்றாள்.

சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படித்தவள். அமெரிக்காவிலிருந்து அழைப்பவர்களுக்கு அங்கே அவள் ஏஞ்சலா. புகார் சொல்பவர்களுக்கு ஒரு குரல், பணம் கட்டாதவர்களுக்கு ஒரு குரல், வயதானவர்களுக்கு ஒரு குரல். இரண்டு தாளில் தோற்றதும் அந்த வேலையால்தான். பிறகு எழுதித் தேறினாலும் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டாள். ஆளை முழுசாகப் பார்க்கும் முறை வந்தபோது தன் பெயரில் ஏன் போடவில்லை என்று ஹெல்கா கேட்டார்.

"நம்பவில்லை. எனக்கென்று ஒரு கதை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. மற்றவர்களுடையது எல்லாம் மனப்பாடம்."

பிறகு என் கேள்விக்கு வந்தாள். அவள் ஊரில் எல்லாக் கிணறும் உப்பாகிப்போனது. ஒன்று மட்டும், கடலுக்கு மிக அருகில் இருப்பது, மழை பொய்த்த வருஷத்திலும் இனிக்கிறது. "நான் சொன்ன விளக்கமெல்லாம் தவறு என்று அது தினமும் சொல்கிறது. அதைத்தான் ஆராய வேண்டும் என்று முன்பு விண்ணப்பித்தேன்."

வெர்னர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

அந்த வருஷம் அவளுக்கு இடம் தரவில்லை. தர முடியாது. அவளும் அந்த மூன்று பேரும் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம், நேர்காணலில் முகம் தெரிய வேண்டும், விரும்பியவர்கள் தங்கள் மொழியிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்யும் என்று ஹெல்கா முடிவை எழுதினார். வெர்னர் கையெழுத்துப் போட்டார். மார்க் கோட்டைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். தர்சினி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்து, ரயிலின் எந்தப் பாதியில் ஏற வேண்டும் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "அவ வருவா எண்டு நினைக்கிறியளோ அக்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

ஊருக்கு வந்தபின் சில மாதங்கள் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பேருந்தில், வங்கியில், கல்லூரி வராந்தாவில் பின்னாலிருந்து ஒரு பெண் பேசினால் திரும்பிப் பார்ப்பேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் இது இருந்திருக்காது.

அடுத்த சுற்றுக்கு நான் போகவில்லை. தர்சினிதான் சொன்னாள். மூவரில் ஒருத்தி மட்டும், நாரையின் கதைக்குச் சொந்தக்காரியான கடலோரத்துப் பெண், திரும்ப விண்ணப்பித்து, தமிழில் அழுது அழுது பேசி, இடம் கிடைக்காமல் போனாள். மற்ற இருவரைப் பற்றித் தகவல் இல்லை. அங்கயற்கண்ணிக்குக் கிடைத்தது. "ஆனால் அக்கா, கமராவிலை வந்து கதைச்சவ, அந்தக் குரலே இல்லை. நாங்கள் ஆளை ஆள் பாத்தனாங்கள். வெர்னர் நேராவே கேட்டிட்டார், நீர் அதே ஆள்தானோ எண்டு. அது வேலைக்கான குரல், இதுதான் வீட்டுக் குரல் எண்டா. கிணத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரியா இருந்தது. அதை வைச்சுத்தான் நம்பினவை."

அவள் ஹனோவரில் வந்து இறங்கிய நாள் தர்சினி அழைத்தாள். "பக்கத்திலைதான் நிக்கிறா. கதையுங்கோ" என்று கொடுத்தாள்.

"மேடம், வந்துட்டேன் மேடம்." கரகரப்பான, சின்னக் குரல். சொல்லுக்குச் சொல் இடறியது. அதில் நாரை இல்லை, மீன்கொத்தி இல்லை, ஆந்தையும் இல்லை. வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் கேள்விதான் வந்தது.

"நீங்கதானா?" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ வண்டி கடந்து போனது. பிறகு, இடறலே இல்லாத அந்தத் தெளிந்த ஆங்கிலத்தில், என் காதுக்கு மிக அருகில் அவள் சொன்னாள்: "இங்கே மிகவும் குளிராக இருக்கிறது. ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்."

கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். மின்னல் வெட்டியது போல அந்த ஒரு நொடி அந்த அறை முழுக்க என் முன்னால் இருந்தது.

"இப்ப நம்புறீங்களா மேடம்?" கரகரப்பு திரும்பியிருந்தது.

"நம்புறேன். இனிமே அந்தக் குரல எடுக்காதீங்கம்மா."

"சரி மேடம்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எடுக்கலன்னா தானா போயிடும்ல?" என்று கேட்டாள்.